மூன்று சக்கரத்தோடு ஓர் ஆயுத பூஜை

உங்களில் எத்தனை பேர் ஒரு காரின் பின்சக்கரத்தைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். நம் வயதில் கையைத் தூக்கினால் தோள்பட்டை பிடித்துக்கொள்கிறது. நான் பார்த்திருக்கிறேன், பத்து வயதில். ஆசைப்பட்டுப் பார்க்கவில்லை. நான் சென்னையில் இருப்பதா, மதுரைக்குப் போவதா என்பது அந்தச் சக்கரத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தது.

போன வாரம் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒரு பையனின் கார் கிளம்பவில்லை. போனில் எதையோ தட்டினான். நான் காபி குடித்து முடிப்பதற்குள் சீருடை போட்ட இருவர் வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் கையில் ஒரு சொட்டு கிரீஸ்கூட ஒட்டவில்லை. எனக்கு ஏனோ ஏமாற்றமாக இருந்தது. நம் காலத்தில் கார் வைத்திருந்த அப்பாக்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பனியனோடு வண்டிக்கு அடியில் கிடப்பார்கள். வெளியே தெரிவது இரண்டு கால்கள்தான். காரே தெருவுக்கு ஒன்றுதானே இருந்தது என்பீர்கள். சரிதான். எங்கள் தெருவில் அந்த ஒன்று எங்களுடையது.

ஆழ்வார்பேட்டையில் ஒரு குறுக்குத் தெரு. கீழ்வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம், மாடியில் வீட்டுக்காரர்கள். கார் சாம்பல் நிறம். தி.நகரில் பெரியப்பாவின் ஜவுளிக்கடைக்குத் துணி மூட்டை சுமந்து சுமந்து களைத்த பிறகு அப்பாவிடம் வந்து சேர்ந்தது. பின்சீட்டைத் தட்டினால் பல வருடம் கழித்தும் கோடித்துணி வாசனை வரும். அந்த வாசனையை வேறெங்கும் நான் அப்புறம் முகர்ந்ததில்லை. இப்போது துணிக்கடைக்குள் போனால் ஏ.சி. வாசனைதான் வருகிறது.

எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலில் இரும்புக் கம்பியும் தோல்வாரும் வைத்த பூட்ஸ் போட்டிருப்பேன். பஸ் படி எனக்கு எட்டாது. நான் ஏறி முடிக்கும்வரை நிற்க எந்த பஸ்ஸுக்கும் பொறுமை கிடையாது. ரிக்ஷா வைத்துப் பார்த்தார்கள், மழை பெய்தால் ரிக்ஷாக்காரர் வரமாட்டார், பெய்யாவிட்டாலும் பாதி நாள் வரமாட்டார். அதனால் கோபாலபுரத்துப் பள்ளிக்கு அப்பாதான் காரில் கொண்டுபோய் விடுவார். அப்படியே கிண்டியில் இருந்த தன் ஆபீசுக்குப் போவார். சாயங்காலமும் அவரேதான் கூட்டிவருவார். அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவாள்.

அந்த வருடம் புரட்டாசியில் அப்பாவுக்கு நாக்பூருக்கு மாற்றல் வந்தது. இரண்டு வருடம். அம்மா வேலையை விட முடியாது. அப்பா போய்விட்டால் என்னைப் பள்ளிக்கு யார் கொண்டுபோவது? மதுரையில் அம்மாவின் அக்காவான பெரியம்மா வீட்டுக்கு நேர் எதிரே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. வாசலைத் தாண்டினால் வகுப்பு. பெரியவர்கள் எல்லோருக்கும் அது கடவுளாகப் பார்த்துக் கட்டிவைத்த பள்ளிக்கூடமாகத் தெரிந்தது. எனக்கு மட்டும் அதை யாராவது இடித்துவிட்டால் தேவலை என்றிருந்தது. பெரியம்மா நல்லவர்தான். ஆனால் பெரியம்மா அம்மா இல்லையே.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள். “நான் கார் ஓட்டக் கத்துக்கறேன்.”

அப்பா ரசத்தைக் குடித்து முடித்தார். “சரி. நான் கிளம்பறதுக்குள்ள நீ லைசென்ஸ் வாங்கிட்டா வண்டியும் இருக்கட்டும், பொண்ணும் இருக்கட்டும். இல்லேன்னா ரெண்டுக்கும் வேற ஏற்பாடு பண்ணிடலாம்.”

என்னையும் காரையும் ஒரே மூச்சில் சொன்னார் பாருங்கள். அம்மாவுக்கும் அது சுருக்கென்றிருக்க வேண்டும். மறுநாள் விடிவதற்கு முன்பே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

சாந்தோம் கடற்கரைச் சாலையில் அந்த நேரத்தில் மீன் கூடைகளையும் நாய்களையும் தவிர யாரும் இருக்கமாட்டார்கள். அப்பா பக்கத்தில், நான் பின்னால். வண்டியை ஓட்டுவது எப்படி என்பதைவிட வண்டியில் உட்காருவது எப்படி, இறங்குவது எப்படி என்பதைத்தான் அப்பா அதிகம் சொல்லிக்கொடுத்தார். உட்கார்ந்ததும் முதலில் கண்ணாடியைப் பார். அப்புறம் கியர் நியூட்ரலில் இருக்கிறதா பார். அப்புறம் ஹேண்ட் பிரேக்கை இறக்கு. இறங்கும்போது ஹேண்ட் பிரேக்கை ஏற்றாமல் கதவைத் திறக்கவே கூடாது.

இந்த ஹேண்ட் பிரேக் விஷயத்தில் அப்பா பொல்லாதவர். காரணம் இருந்தது. அதற்கு முந்தின வருடம் நவராத்திரியின்போது மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் வண்டியை நிறுத்திவிட்டு, ஹேண்ட் பிரேக்கை மறந்துவிட்டு, கொலு பொம்மை பார்க்க இறங்கினார். வண்டியும் பொம்மை பார்க்க ஆசைப்பட்டு மெல்ல உருண்டு வந்து நடைபாதைக் கடையின் மேல் சாய்ந்துவிட்டது. யாருக்கும் அடியில்லை. செட்டியார் பொம்மை ஒன்றின் தொப்பை மட்டும் விரிசல் விட்டது. அந்தச் செட்டியாரை நாங்கள்தான் வீட்டுக்குக் கூட்டிவர வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து, டிரைவர் சீட்டில் யார் எதற்காக உட்கார்ந்தாலும் ஹேண்ட் பிரேக்கை ஏற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பின்சீட்டில் இருந்த எனக்கே அது மனப்பாடம்.

அம்மா வேகமாகக் கற்றுக்கொண்டாள். எக்ஸ்சேஞ்சில் ஒரே நேரத்தில் ஏழெட்டு ஒயர்களை மாற்றி மாற்றிச் சொருகுகிற கை, கியர் என்ன பெரிய விஷயம்? விஜயதசமிக்கு மறுநாள் டெஸ்டுக்குத் தேதி கிடைத்தது. அதற்கு அடுத்த வாரம் அப்பாவுக்கு ரயில். அந்த ஒரு தேதியை விட்டால் வேறு தேதி இல்லை.

அப்போது பார்த்து வண்டி தன் குணத்தைக் காட்டியது. லஸ் முனையில் அம்மா பிரேக்கை மிதித்தாள். பின்னாலிருந்து பன்றி கத்துவது போல ஒரு சத்தம். வண்டி நேராக நிற்காமல் இடதுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. முனையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் ஓட்டுகிறாள் என்று தெரிந்ததும் இன்னும் நன்றாகப் பார்த்தார்கள்.

“இடது பின்சக்கரத்துல பிரேக் ஷூ தேஞ்சிருக்கு. இதை வெச்சுக்கிட்டு டெஸ்டுக்குப் போனா பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியப் பாத்தே திருப்பி அனுப்பிடுவான்” என்றார் அப்பா.

மெக்கானிக்கிடம் விடலாம்தான். ஆனால் பூஜை வருகிறதென்று பட்டறைகளில் பாதிப்பேர் ஊருக்குப் போயிருந்தார்கள். மீதிப்பேர் மேல் அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. ஒருமுறை ஒரு பட்டறைக்குப் போய் வந்த வண்டியில் ஸ்டெப்னி டயர் வேறாக இருந்ததாம். “நானே மாத்திடறேன். என்ன, சக்கரத்தைக் கழட்டி, டிரம்மைக் கழட்டி, ஷூவை மாத்தி மாட்டணும். அரை நாள் வேலை.”

டிரம் என்றால் மேளம் இல்லை. சக்கரத்துக்கு உள்ளே கவிழ்த்துவைத்த வாணலி மாதிரி கனமான இரும்பு மூடி. அதற்குள்ளே பிறை வடிவத்தில் இரண்டு கட்டைகள், அவைதான் பிரேக் ஷூ. பிரேக் போட்டால் கட்டைகள் விரிந்து டிரம்மின் உள்பக்கத்தை அழுத்திப் பிடிக்கும், சக்கரம் நிற்கும். டிரம்மை வெளியே இழுத்தால்தான் கட்டைகளைத் தொட முடியும்.

சனிக்கிழமை காலையில் அப்பா வண்டியை வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் நிறுத்தினார். முன்சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்தார். ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். எல்லாம் ஒழுங்காக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. பிறகு புது ஷூ வாங்க பஸ் பிடித்து, கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடுக்குப் போனார்.

அவர் போனதும் அம்மா வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி நகராவிட்டாலும் பயிற்சி நகர வேண்டுமே. கண்ணை மூடிக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் மாற்றிப் பார்த்தாள். வாயாலேயே ஹாரன் அடித்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, டெஸ்ட் வைக்கிற பிரேக் இன்ஸ்பெக்டராக மிரட்டினேன். அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் கேட்டதும் இறங்கி ஓடினாள். அந்த அரை மணி நேரம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்பதை இப்போது சொன்னால் நம்பமாட்டீர்கள். அம்மா அப்படி விளையாடி நான் பார்த்ததே இல்லை.

அப்பா திரும்பிவந்து டிரம்மைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. சுத்தியால் தட்டினார். வரவில்லை. துருப்பிடித்திருக்கிறது என்றார். சுற்றிலும் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தட்டினார். டங், டங், டங். பூட்ஸ் வாரின் தோல் வாசனையோடு மண்ணெண்ணெய் வாசனை கலந்து, அன்றைக்குச் சாப்பிட்டதெல்லாம் அதுவாகவே இருந்தது.

தெருமுனை இஸ்திரிக்காரர் தன் தள்ளுவண்டியை விட்டுவிட்டு வந்து இடுப்பில் கைவைத்து நின்றார். “இன்னா சார், இன்னும் அப்டியே கீது?”

“துரு ஏறிப்போச்சுப்பா.”

“துரு இல்ல சார், திஷ்டி. தெருவுல ஒரே வண்டி. போறவன் வர்றவன் எல்லாம் பாத்துக்கினு போறான். பூசணிக்கா சுத்திப் போடு, தன்னால கயண்டுக்கும்.”

மாடியிலிருந்து வீட்டுக்கார மாமி எட்டிப் பார்த்தார். “ஏண்டிம்மா, வெந்நீர் விட்டுப் பார்க்கச் சொல்லேன். எங்காத்துல ஊறுகாய் ஜாடி மூடி திறக்கலேன்னா வெந்நீர்தான் விடுவேன். ஒரு நிமிஷத்துல வந்துடும்.”

அப்பாவுக்கு அவமானமாக இருந்திருக்கும். இருந்தாலும் வெந்நீர் விட்டார். ஊறுகாய் ஜாடிக்கு இருந்த நல்ல புத்தி டிரம்முக்கு இல்லை.

திங்கட்கிழமை ஆயுத பூஜை. அன்றைக்கு எந்தக் கருவியையும் தொடக்கூடாது அல்லவா? அம்மா ஸ்பேனர், சுத்தி, திருப்புளி எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜையில் வைத்துவிட்டாள், என் பாடப்புத்தகங்களுக்குப் பக்கத்தில். அப்பாவுக்கு வேலையில்லை, எனக்குப் படிப்பில்லை. இருவரும் சந்தில் போய் நின்று வண்டியைப் பார்த்தோம். அம்மா வண்டியையும் விடவில்லை. கழுவித் துடைத்து, உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்து, முன்னால் மாலை போட்டு, வண்டியில் இருந்த மூன்று சக்கரங்களுக்கும் சுவரில் சாய்ந்திருந்த நான்காவதுக்கும் தனித்தனியாகக் குங்குமம் வைத்தாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. வண்டியை ஏற்றி நசுக்க வேண்டும். வண்டி நகர்ந்தால்தானே?

“எலுமிச்சம்பயம் நசுங்கலன்னா பூஜ முடியல சார்” என்று பொரிகடலை வாங்க வந்த இஸ்திரிக்காரர் சொன்னார். அப்பா ஒரு செங்கல்லை எடுத்து எலுமிச்சம்பழத்தின் மேல் போட்டார். “முடிஞ்சுது. போ.”

நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

மதியம் மாடிக் கொலுவில் சுண்டல் வாங்கிக்கொண்டு இறங்கிவந்தேன். இறங்க எனக்கு நேரமாகும். அதனால் பெரியவர்கள் நான் வருவதற்குள் பேசி முடித்துவிடலாம் என்று எப்போதும் தப்புக்கணக்குப் போடுவார்கள். பூட்ஸ் சத்தம் கேட்குமே என்பீர்கள். மேலே பாட்டு, மாமிகள், தட்டு சத்தம். அன்றைக்கு என் பூட்ஸ் யாருக்கும் கேட்கவில்லை.

கூடத்தில் என் பச்சை டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. அம்மா என் பாவாடைகளை மடித்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள். அப்பா நாற்காலியில்.

“ஒண்ணு கேக்கறேன். உங்களுக்குக் கழட்ட வரலையா, கழட்ட மனசு வரலையா?” என்றாள் அம்மா.

அப்பா பேப்பரை எடுத்தார். அதைப் படிக்கவும் இல்லை.

நான் சுண்டலோடு படியிலேயே நின்றுவிட்டேன். அப்பா வேண்டுமென்றே செய்கிறாரா? நாள் முழுக்கத் தட்டினாரே, அது நாடகமா? அதன் பிறகு அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் வந்து பூட்ஸ் வாரை அவிழ்க்க உட்கார்ந்தபோது காலை இழுத்துக்கொண்டேன்.

விஜயதசமி. காலையில் புனர்பூஜை முடிந்ததும் அப்பா சந்தனம் காயாத சுத்தியை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனார். டங், டங். மறுநாள் காலை டெஸ்ட். கொஞ்ச நேரத்தில் ஒரு “ஆ” கேட்டது. கட்டைவிரலில் அடித்துக்கொண்டுவிட்டார். அம்மா ஓடிவந்து பார்த்தாள். நகம் கறுத்துக்கொண்டிருந்தது.

“போதும், விடுங்க! அவ போகட்டும் மதுரைக்கு. வண்டியையும் குடுத்துடுங்க. எல்லாரும் நிம்மதியா இருங்க” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். கொலுவுக்கு வந்த கூட்டத்தில் வீட்டுக்குள்ளும் மாடியிலும் அழுவதற்கு இடமில்லை. அவளுக்குக் கிடைத்த ஒரே தனியறை அந்தக் கார்தான்.

அப்பா கட்டைவிரலை வாயில் வைத்தபடி நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, கீழே உட்கார்ந்து, சுத்தியைக்கூட எடுக்காமல், இரண்டு கையாலும் டிரம்மைப் பிடித்துக் கோபத்தோடு ஒரு இழுப்பு இழுத்தார்.

டிரம் சொத்தென்று வந்துவிட்டது. அப்பா அப்படியே மல்லாந்து விழுந்தார். நெஞ்சின் மேல் டிரம்.

நான் போட்ட சத்தத்தில் இஸ்திரிக்காரர் ஓடிவந்தார். “கயண்டுக்கிச்சா! நான்தான் சொன்னேன்ல நைனா, திஷ்டின்னு! நேத்து பயத்த நசுக்கினது வேல செஞ்சுது!” மாடியிலிருந்து மாமி, “வெந்நீர்தான்! முந்தாநேத்திக்கு விட்டது இன்னிக்குக் கேட்டிருக்கு!” என்றார். அப்பா எழுந்து பனியனைத் தட்டிக்கொண்டு, “மண்ணெண்ணெய். மூணு நாள் ஊறியிருக்கில்ல?” என்றார். வெற்றிக்குச் சொந்தக்காரர்கள் பெருத்துவிட்டார்கள். எனக்கு யார் கழற்றினால் என்ன? மூச்சு விட முடிந்தது.

அம்மா மட்டும் உடனே இறங்கவில்லை. அழுத முகத்தோடு இறங்க அவளுக்கு ரோஷம். அப்பா பழைய கட்டைகளை எடுத்துவிட்டுப் புது ஷூக்களை ஸ்பிரிங்கோடு மாட்டி முடிக்கும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காபி போடுகிறேன் என்று இறங்கிப் போனாள்.

அப்பா சீட்டியடித்துக்கொண்டே டிரம்மைத் தூக்கி மாட்டப்போனார். உள்ளே போகவில்லை. திருப்பிப் பார்த்தார். போகவில்லை. தட்டினார். சீட்டி நின்றது.

“கடைக்காரன் பெரிய சைஸ் குடுத்துட்டான்” என்றார். அவர் குரலே மாறிவிட்டது. கடைகள் அன்றைக்கு இல்லை. அரத்தை எடுத்துப் புது ஷூவைத் தேய்க்கலாமா என்று யோசித்தார். எனக்கு மறுபடியும் பச்சைப் பெட்டி கண்ணில் தெரிந்தது.

அம்மா காபி கொண்டுவந்து வைத்தாள். அழும்போது கழற்றிக் காரில் விட்டுவிட்ட மூக்குக் கண்ணாடியை எடுக்க முன்கதவைத் திறந்தாள். அது சீட்டுக்கு அந்தப்பக்கம் கீழே விழுந்திருந்ததால் உட்கார்ந்து தேடினாள். அப்பா டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு ஷூக்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் இருவர் கண் முன்னால், யாரும் தொடாமல், அந்த இரண்டு கட்டைகளும் மெல்ல உள்பக்கம் சுருங்கின.

அப்பா காபித் தம்ளரைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார். “ஏய், இப்ப என்ன பண்ணே?”

“ஒண்ணும் பண்ணலியே. கண்ணாடி தேடறேன்.”

“அதுக்கு முன்னால?”

“உக்காந்தேன்.”

“உக்காந்து?”

“உக்காந்து… மிர்ரர் பாத்தேன். நியூட்ரல் பாத்தேன். ஹேண்ட் பிரேக்கை…”

அம்மாவின் கை இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

ஹேண்ட் பிரேக்கை ஏற்றினாலும் பின்சக்கரங்களில் அதே கட்டைகள்தான் விரிந்து டிரம்மைப் பிடிக்கும். சனிக்கிழமை காலை அப்பா ஒழுங்காக இறக்கிவைத்ததை, கியர் பழகிவிட்டு இறங்கும்போது அம்மா ஒழுங்காக ஏற்றிவிட்டாள். அவள் ஏற்றியதை எதிர்த்துத்தான் அப்பா ஞாயிறெல்லாம் தட்டியிருக்கிறார். டிரம் சுற்றாததைப் பார்த்தும், வண்டி கியரில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அன்று அழப்போய் உட்கார்ந்தபோது அந்த அழுகையிலும் அவள் கை பாடத்தை மறக்கவில்லை, இறக்கியது. டிரம் வந்தது. காபி போட இறங்கியபோது ஏற்றியது. டிரம் போகவில்லை. அப்பாவோ, தன் கையால் இறக்கியதை வேறு யாராவது ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்தே பார்க்கவில்லை. இந்த வீட்டில் அதைச் செய்யாமல் யாரும் இறங்கக்கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான்.

அம்மா இறங்கவில்லை. இறங்கப் பயமாக இருந்திருக்கும். “திட்டறதுன்னா திட்டிடுங்க” என்றாள்.

அப்பா மண்ணில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கறுத்த கட்டைவிரலைப் பார்த்தார், இன்னும் சிரித்தார். “எப்படித் திட்டறது? சொல்லிக்குடுத்ததை அப்படியே பண்ணியிருக்கே. என்னைவிட நல்ல டிரைவரா வருவே போல.”

அம்மாவும் சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கி, “நேத்து நான் கேட்டேனே, அதை மறந்துடுங்க” என்றாள்.

அப்பா டிரம்மைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் நிற்பது அவருக்குத் தெரியும். இருந்தும் சொன்னார். “முழுசா மறக்க முடியாது. நிஜமாத்தான் அடிச்சேன். ஆனா வரலேன்னதும், வராம போனா போகட்டுமேன்னு ஒரு ஓரத்துல இருந்தது. நீ தனியா ரோட்ல, லாரி, பஸ்ஸு, கூட இவ வேற. நாக்பூர்ல உக்காந்துக்கிட்டு நான் தினம் அதையே நெனச்சுக்கிட்டிருக்கணுமே.”

அப்பாக்களுக்குப் பயம் இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை அவர் போட்ட கணக்கெல்லாம் என் நன்மைக்கான கணக்கு என்றே எல்லோரும் சொன்னார்கள், அவரும் அப்படித்தான் நம்பியிருப்பார். பாதி அவருடைய பயத்துக்கான கணக்கு. எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அந்த நிமிடம் போய்விட்டது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளத் தோன்றியது. கிரீஸாக இருந்தார், அதனால் செய்யவில்லை. டிரம் அலுங்காமல் குலுங்காமல் உள்ளே போனது.

மறுநாள் டெஸ்ட். பிரேக் இன்ஸ்பெக்டர் குடை வைத்திருந்த ஒல்லியான மனிதர். அன்றைக்கு வந்திருந்தவர்களில் அம்மா ஒருத்திதான் பெண். அவர் வண்டிக்குள் உட்கார்ந்து, போகச் சொன்னார், திருப்பச் சொன்னார், எட்டுப் போடச் சொன்னார். அப்பாவும் நானும் வேப்பமரத்தடியில் நின்றோம். அப்பாவின் கால்கள் தரையில் கிளட்ச், பிரேக் என்று தானாக மிதித்துக்கொண்டிருந்தன. நடுவில் இன்ஸ்பெக்டர் திடீரென்று நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். வண்டி நின்றது. கத்தவில்லை, முகத்தைத் திருப்பவில்லை, நட்டுவைத்த மாதிரி நேராக நின்றது.

“யாரும்மா வண்டி வேல பாத்தது?” என்று இறங்கும்போது கேட்டாராம்.

“நாங்க ரெண்டு பேரும்” என்றாளாம் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் செய்தது என் பாவாடைகளைப் பச்சைப் பெட்டியிலிருந்து எடுத்து அலமாரியில் அடுக்கியதுதான். ஒவ்வொன்றாக அடுக்கினாள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் அப்புறம் தூங்கிய பகல் ஒன்று இருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை.

அப்பா ரயிலேறிய பிறகு வந்த திங்கட்கிழமை, அம்மாவும் நானும் மட்டும் கிளம்பினோம். கோபாலபுரம் போய்ச் சேரும்வரை அம்மா சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பள்ளி வாசலில் ரிக்ஷாக்களும் சைக்கிள்களும் நெருக்கிக்கொண்டு நின்றன. அதற்குள் நுழைய தைரியம் வராமல், கொஞ்சம் தள்ளி ஒரு மரத்தடியில் ஓரங்கட்டினாள்.

அதுவரை அப்பா என்ன செய்வார் என்றால், வாசலுக்கு நேராக நிறுத்தி, இறங்கிச் சுற்றிவந்து, கதவைத் திறந்து, என்னைத் தூக்கிக்கொண்டுபோய் வகுப்பு வராந்தாவில் இறக்கிவிடுவார். பூட்ஸ் போட்ட நாளிலிருந்து அப்படித்தான். அந்த வாசலிலிருந்து வகுப்புவரை தரை எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

நான் காத்திருந்தேன். அம்மா அசையவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இறுகியிருந்தன. நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து குங்குமம் கரைந்துகொண்டிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

“அம்மா?”

“நான் இறங்க ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தா வண்டி ஆஃப் ஆயிடும். ஆஃப் ஆச்சுன்னா இந்தக் கூட்டத்துல மறுபடி என்னால கிளப்ப முடியாதுடி. நீயே இறங்கிக்கோ.”

இறங்கினேன். பையை மாட்டிக்கொண்டேன். மரத்தடி, பிறகு சாலையோரம், பிறகு வாசல், சரளைக்கல் போட்ட முற்றம். சரளையில் பூட்ஸ் சறுக்கும். ஆயா என்னைப் பார்த்துவிட்டுத் தூக்க ஓடிவந்தார். “வேணாம் ஆயா, வரேன்” என்றேன். மணி அடித்து முடித்த பிறகுதான் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன்.

சாயங்காலம் அதே மரத்தடியில் அம்மா காத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலிலிருந்து நடந்து வருவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்ததும் எனக்கு அடக்க முடியவில்லை.

“அம்மா, காலைல நான் தனியா உள்ள போயிட்டேன்.”

“நானும்தான்டி” என்றாள் அம்மா. “தனியா வீட்டுக்குப் போயிட்டேன்.”